றொசல்ல பஸ்ஸில் ஒரு சோலார் பேனல்

இன்று ஹட்டனிலிருந்து றொசல்லவுக்கு பஸ்ஸில் வந்தோம். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காக வாங்கிய சோலார் பேனல் கணவரின் மடியில் இருந்தது. நான் சோலார் வேலை படித்த பயிற்சி நிலையத்துக் கம்ப்யூட்டரில் நானே வரைந்த வயரிங் படம் என் கையில் இருந்தது.

கண்டக்டர் கணவரிடம் கேட்டார்: "அண்ணே, நீங்களே மாட்டிருவீங்களா?"

"எனக்கு பல்பு மாத்தவே பயம். இவங்கதான் படிச்சிட்டு வந்திருக்காங்க."

பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். பயிற்சி முடிந்து இவ்வளவு நாளாகியும் ஒருவரும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. பெண்ணுக்கு வயரிங் வேலையா என்ற அந்தச் சிரிப்பு எனக்குப் பழகிவிட்டது.

கண்டக்டர் சிரிக்கவில்லை. படத்தை வாங்கிப் பார்த்தார்.

"எங்க வீட்டு சோலார் லைட்டு பொழுது சாஞ்ச கொஞ்ச நேரத்துலயே மங்கிடுதுக்கா. பேட்டரி போயிருச்சா?"

"பேட்டரியாவும் இருக்கலாம். பேனல் மேல மரத்து நெழல் விழுந்தாலும் அப்பிடித்தான். பாக்காம சொல்லமாட்டேங்க."

"அப்ப ஞாயித்துக்கெழம வந்து பாருங்க."

எனக்கு வந்த முதல் வேலை இதுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரும்வரை, தன்னால்தான் அந்த வேலை கிடைத்தது என்று கணவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏணி பிடிக்க அவரையே கூட்டிப்போகிறேன். அங்கே அவரை என் உதவியாளர் என்று சொல்வதா, மேனேஜர் என்று சொல்வதா? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்.