என் மகள் முட்டை கேட்ட காலை

சபையாருக்கு என் ஸ்தோத்திரம். "முழுச் சுகம் கிடைக்கட்டும், அப்புறம் சாட்சி சொல்லலாம்" என்று மூப்பர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்குப் பொறுமை கிடையாது, அது உங்களுக்கே தெரியும். என் மகள் பெனிட்டா இன்னும் நடக்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

டோல்கேட் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பெனிட்டா இங்கேயே பிறந்தவள், பேச்சும் இந்த ஊர்ப் பேச்சுதான். சின்ன வயதிலிருந்தே ஜிம்னாஸ்டிக்ஸ். ஒரு புது வித்தையைத் தொடுவதற்கு முன் மாதக்கணக்கில் கையையும் வயிற்றையும் தோளையும் பலப்படுத்துவார்கள். அதற்குக் கண்டிஷனிங் என்று பெயர். அதில் அவளுடைய கோச் வசந்தி யாருக்கும் சலுகை தரமாட்டார்.

போன வருஷம் ஆயுதபூஜைக்கு முந்திய சனிக்கிழமை. பார் கம்பியில் தொங்கிச் சுழலும் வித்தை, அவளுக்கு நன்றாகப் பழகியதுதான். கை நழுவியது. தலைகீழாக விழுந்தாள். கழுத்து எலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், "கை கொஞ்சம் தேறலாம். காலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது" என்றார். என் மனைவி மேரி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கால் போனதைவிடப் பெரிய அடி பிறகுதான் விழுந்தது. பெனிட்டா பேச்சை நிறுத்தினாள். சாப்பாட்டையும் நிறுத்தினாள். கஞ்சியை வாயில் வைத்தால் வழியவிடுவாள். புண் வராமலிருக்க அவளைத் திருப்பிப் படுக்க வைப்பது என் வேலை. அரிசி மூட்டை தூக்கிப் பழகிய எனக்கு அந்தப் பிள்ளையின் கனம் தெரியவில்லை. அவ்வளவு வற்றியிருந்தாள்.

"ஒரு வாய் தின்னுளா" என்று ஒரு நாள் கெஞ்சினேன். "என்ன வுட்டுடுப்பா. நான் போறேன்" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது.

சபையே அவள் எழுந்து நடக்க ஜெபித்தது. எனக்கு அந்த ஜெபம் வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, "ஆண்டவரே, அவ சோறு கேக்கட்டும்" என்று மட்டும் கேட்டேன். வேறெதுவும் கேட்கத் தெம்பில்லை.

மறுநாள் காலை வசந்தி வந்தார். அதுவரை வார்டு வாசல்வரை வந்து, உள்ளே வரத் தைரியமில்லாமல் அழுதுகொண்டே திரும்பிப் போவாராம். அன்று உள்ளே வந்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். பெனிட்டாவின் உள்ளங்கையில் இரண்டு விரலை வைத்து, "புடி" என்றார்.

அவள் பிடித்தாள்.

"இன்னாடி இது? கண்டிஷனிங் சுத்தமா போயிச்சு. இந்தக் கைய வெச்சினு இன்னா பண்ணுவ?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறப்பதற்குள் பெனிட்டாவின் முகம் சிவந்தது. பல்லைக் கடித்து மறுபடி இறுக்கினாள். "இப்போக்கா?"

"இப்பவும் வேஸ்ட்டுதான். நாளிக்கு வரேன்."

வசந்தி போனதும் என் மகள் என்னைத் திட்டினாள். "இன்னாப்பா பாத்துனுகீற? வெறும் கஞ்சி குட்ச்சா கை எப்டி ஏறும்? ரெண்டு முட்ட வாங்கியா."

நான் ஓடினேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். அப்படி அழுதிருக்கிறேன். நான் சோறு கேட்டேன், ஆண்டவர் முட்டை கேட்க வைத்தார்.

அதன் பிறகு எதுவும் சுலபமாக நடக்கவில்லை. காய்ச்சல் வந்தது, புண் வந்தது, சாகலாம் என்று மறுபடி சொன்ன நாட்களும் உண்டு. ஆனால் சாப்பாட்டை மட்டும் அவள் பிறகு தள்ளவில்லை. வசந்தி பெரம்பூரிலிருந்து தினமும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். கட்டிலுக்கு மேலே இரும்புக் குழாய் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். விரல், மணிக்கட்டு, தோள் என்று ஒவ்வொன்றாக, புது வித்தை பழகுவதுபோலவே பழகுகிறாள்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். பெரிதாகக் கேட்க முடியாவிட்டால் சின்னதாகக் கேளுங்கள். அவர் அதையும் கேட்கிறார். கால்களுக்காக நான் இன்னும் ஜெபிக்கிறேன், பதில் வரவில்லை. ஆனாலும் அவருக்கே நன்றி.

நேற்று அவள் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானாகவே மாறினாள். கைகள் நடுங்கின. நான் பதறிப்போய் எட்டிப் பிடிக்கப் போனேன்.

"தொடாதப்பா" என்றாள்.

தொடவில்லை. அவளுக்காக நிறைய ஜெபித்தீர்கள். இனி எனக்காகவும் ஜெபியுங்கள், அவள் பக்கத்தில் சும்மா நிற்கும் பெலன் எனக்கு வேண்டும்.