அடைப்பில் வந்த துணி

பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் வாளியக்காதான். பதினோரு வருடமாகக் கழிப்பறை கழுவுகிறாள். வாளியிலிருக்கும் பினாயிலைவிட அவள் வாய் காரம். வாத்தியாரே ஆனாலும், "தண்ணி ஊத்தக் கை வலிக்குதா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள்.

அன்று காலை பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை. கம்பியை விட்டு இழுத்தாள். கறையோடு ஒரு துணி வந்தது. இதென்ன புதிதா? ஒரு குப்பைத்தொட்டிகூட இல்லாத இடத்தில் பிள்ளைகள் வேறெங்கே போடும்? ஆனால் ஓரத்தில் பச்சைக் கட்டம் தெரிந்தது. அவளுடைய பழைய புடவை! அதே பள்ளியில் எட்டாவது படிக்கும் மகள் வயதுக்கு வந்த சங்கதியே அவளுக்குத் தெரியாது.

மறைக்க நேரமில்லை. தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றார். இந்த மாதத்தில் இது மூன்றாவது அடைப்பு. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவிட்டார்.

"யார் போட்டதுன்னு சொல்லுங்க. இல்லேன்னா இன்னிக்கே இதைப் பூட்டிடுவேன்."

பூட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? மாதத்தில் நாலு நாள் பிள்ளைகள் வீட்டில் கிடக்கும். அப்புறம் படிப்புக்கே முழுக்கு. வரிசையில் மகள் முகம் வெளுத்து நின்றாள். பக்கத்திலிருந்தவள் அவளை ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

"என்னோடது சார்," என்றாள் வாளியக்கா.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அறிவிருக்காம்மா உனக்கு? கழுவுற நீயே அடைக்கிறியா?" என்று கத்தினார் அவர்.

"போட இடமில்லையே சார். பூட்டாதீங்க. மூடி போட்ட தொட்டி ஒண்ணு குடுங்க, தினமும் நானே எடுத்து எரிச்சிடறேன்."

அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. "என்னமோ பண்ணித் தொலை," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

கூட்டம் கலைந்ததும் மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எத்தனை நாளாடி?"

"நாலு மாசமா." மகள் விசும்பினாள். "பெட்டிக்குப் பின்னாடி ஒளிச்சுப் போட்டா துணி காயவே மாட்டேங்குது. ஈரத்தோடயே கட்டிக்கிட்டு வரேன். தொடையெல்லாம் புண்ணும்மா."

"அடிப்பாவி, பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"அடைப்பு எடுத்த அன்னிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து நீ திட்டுவியே. 'துணியைப் போட்டு அடைக்குதுங்களே சனியனுங்க, இதுங்க அம்மாக்காரி என்னத்தைச் சொல்லிக் குடுத்தாளோ'ன்னு. அதைக் கேட்டதுக்கப்புறம் எப்படிம்மா சொல்றது?"