சேதுராமன் கடையில் இல்லாத சொல்

பக்கத்து அறையில் சுவர் ஒன்று சரிந்த சத்தம் கேட்டபோது சேதுராமன் மூன்றாவது கலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். தட்டில் அடுக்கியிருந்த சூடப் பொட்டலங்கள் துள்ளி விழுந்தன. கூரை ஓட்டின் இடுக்கிலிருந்து அரை நூற்றாண்டுத் தூசி மெல்ல இறங்கி அவருடைய வழுக்கையில் அமர்ந்தது. அவர் அசையவில்லை. கிழித்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் தலையைத் துடைத்தார்.

"ராகு காலத்துல இடிக்கிறானுக. நல்லா வெளங்கும்," என்றார் சுவரைப் பார்த்து.

சுவருக்கு அப்பாலிருந்து சுவர் இடிக்க வந்த கொத்தனார், மேசன் பாஸ் மத்தியாசின் குரல் வந்தது. "மொதலாளி, இது உள் சொவருதான். ஒங்க சொவரு இல்ல."

"அந்த வார்த்தையச் சொல்லாத மத்தியாசு! கடைக்குக் கேக்கும்."

கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில், மறைந்த பாரூக் ஹாஜியார் கட்டிய ஓட்டுக் கட்டடம் அது. கீழே ஐந்து கடைகள். தையற்காரர் போய்விட்டார். முடிவெட்டுபவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மணிக்கூடு திருத்துபவரும், அரிசிக் கடைக்காரரும் போய் மாதங்களாகின்றன. அந்த இடத்தில் நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடம் எழும்பப் போகிறது. எழும்ப வேண்டுமானால் பழையது விழ வேண்டும். பழையது விழ வேண்டுமானால் நடுக்கடையிலிருந்து சேதுராமன் எழும்ப வேண்டும். அவர் எழும்பவில்லை. வாயிலுள்ள பல்லெல்லாம் கொட்டிய பிறகும் ஒற்றையாய் நிற்கும் கடைவாய்ப் பல்லைப் போல நின்றது அவருடைய பூசைச் சாமான் கடை.

அந்தக் கடையில் எல்லாச் சாமிக்கும் இடமுண்டு. திருநீறும் குங்குமமும் ஒரு பக்கம், மாதாவுக்கு ஏற்றும் மெழுகுதிரி ஒரு பக்கம், பௌர்ணமிப் போயா தினத்துக்கு விகாரைக்குப் போகிறவர்கள் வாங்கும் ஊதுபத்தியும் திரியும் ஒரு பக்கம், அத்தரும் சாம்பிராணியும் ஒரு பக்கம். மேலே பிலிமத்தலாவையிலிருந்து வந்த பித்தளை விளக்குகள் தொங்கும். பேராதனை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டிப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து ஒரு கட்டிச் சூடம் வாங்கிக்கொண்டு, புறப்படுகிற பஸ்ஸில் மறுபடி ஏறிவிடுவார்கள். தெருவை ஒட்டிய கடை என்பதால் அது முடிகிறது. நாலு சமூகத்துக்கும் நாலு கலண்டர்கள் சுவரில். யாருக்கு எது நல்ல நாள், எது ஆகாத நேரம் என்று பார்த்துச் சொல்வார். அதற்கு அவர் கூலி வாங்குவதில்லை. 'சாமி சமாச்சாரத்துல கை நீட்டக்கூடாதுங்க' என்பார்.

ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அந்தக் கடையில் இடமில்லை. அந்தச் சொல்லே 'இல்லை' என்பதுதான். லட்சுமி குடியிருக்கும் இடத்தில் அந்த வார்த்தை விழக்கூடாது என்பது அவர் அப்பா காலத்து விதி. திருநீறு தீர்ந்துபோனால் "வந்துக்கிட்டிருக்கு." விளக்குத்திரி முடிந்துவிட்டால் "நெறைஞ்சிருக்கு, நாளைக்கு வாங்க." "பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று புதிதாக வந்த ஒரு வாடிக்கைக்காரர் கேட்டபோதும் பழக்கதோஷத்தில், "வந்துக்கிட்டிருக்குங்க," என்று சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. உள்ளறையில் திரி உருட்டிக்கொண்டிருந்த மனைவி வடிவம்மா அன்று சாயங்காலம் வரை அவரோடு பேசவில்லை. பேசியபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

ஹாஜியாரின் மகன் முஹ்ஸின் கட்டட எஞ்ஜினியர். வெளிநாட்டில் படித்தவர், மரியாதை தெரிந்தவர். ஆனால் ஆயுளில் ஒருதரமாவது, சரக்குத் தீர்ந்த நாளில் இந்தக் கடைக்கு வந்து சூடம் கேட்டிருந்தால் அவருக்கு இவ்வளவு நஷ்டம் வந்திராது.

"அங்கிள், அடுத்த மாசம் காலி பண்ணித் தருவீங்கதானே?" என்று கேட்டார்.

"செஞ்சிரலாம்ங்க தம்பி. செஞ்சிரலாம்."

"புதுக் கட்டடத்தில மூணாம் மாடியில ஒங்களுக்கு ஒரு கடை வெச்சிருக்கேன். லிப்ட் எல்லாம் வருது. சந்தோசம்தானே?"

"ரொம்ப சந்தோசம்ங்க. காத்து நல்லா வரும்."

முஹ்ஸின் அதைச் சம்மதம் என்று நம்பினார். நம்பி, கடைக்கு முன்னால் பெரிய படம் ஒன்றை நட்டார். படத்தில் கண்ணாடிக் கட்டடம். அதன் முன்னால் கையில் பைகளோடு உயரமான வெள்ளைக்காரர்கள். சேதுராமன் அதை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "சேலை கட்டின பொம்பளை ஒருத்தி கொறையுதே," என்றார்.

நம்பியவர் மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தையும் வாடகைக்கு எடுத்து அனுப்பினார். அது இரும்புக் கையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றது. சேதுராமன் சந்தனக் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். இயந்திரத்தின் நெற்றியில் பொட்டு வைத்தார், சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார், கைகூப்பினார். பிறகு சாரதியிடம், "இன்னிக்கு அஷ்டமி. மெஷினுக்கு ஆகாது," என்றார். சாரதி சிங்களவர். சிங்களப் பஞ்சாங்கத்தையும் எடுத்துக் காட்டினார் சேதுராமன். அதிலும் அது கெட்ட நேரம். சாரதி பயபக்தியோடு தன் இயந்திரத்தைத் தானே ஒருமுறை கும்பிட்டுவிட்டு, எலுமிச்சம்பழம் நசுங்கத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு குறித்த நாளெல்லாம் இதே கதை. போயா என்றார். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா. தவக்காலம் தொடங்குகிற புதன்கிழமையில் கூரையில் கை வைக்கலாமா என்று மத்தியாசிடம் கேட்டார். மத்தியாஸ் அன்று வேலைக்கே வரவில்லை. நோன்பு வந்தது. தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலத்துக்குத் தெரு அடைபட்டது. ஆடி வந்தது. கண்டி மாநகரத்தில் நாலு சமயங்கள் ஒற்றுமையாக ஒரு காரியத்துக்கு உதவின என்றால், அது சேதுராமன் கடையை விழாமல் காத்ததுதான். சட்டப்படி அவரை எழுப்ப முடியாதா என்று முஹ்ஸின் விசாரித்துப் பார்த்தார். பழைய வாடகைக்காரரை எழுப்ப வழக்குப் போட்டால் கட்டடம் பேரப்பிள்ளை காலத்தில்தான் எழும்பும் என்றார் சட்டத்தரணி.

ஊருக்கு இது வேடிக்கை. அவருக்கு அல்ல. மத்தியானம் ஆள் வராத நேரத்தில், கூரை ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு அவர் வடிவம்மாவிடம் சொல்வார்: "அமாவாசைக்கு எள்ளு வாங்க வர்ற கிழவி மூணு மாடி ஏறினா, அடுத்த அமாவாசை அவளுக்குத்தான். லிப்டுங்கிறான். கரண்டு போனா ஐயர் நடுவுல தொங்குவாரா? மேல போனோம்னா நம்ம கடை கோபுரத்துக் கலசம் மாதிரி, வடிவு. எல்லாரும் கீழ நின்னு கும்பிட்டுட்டுப் போயிருவாங்க."

"அத அந்தப் புள்ளகிட்ட வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"கேட்டுப் பாத்து, ஏலாதுன்னுட்டா?"

கேட்காத வரையில் கீழ்க்கடை அவருடையதுதான். கேட்டு மறுத்துவிட்டால், இந்த வயதில் இந்தக் கையும் காலும் வேறு எந்தத் தொழிலுக்கு?

ஒரு புதன்கிழமை மாலை கடை வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முதலில் குடை இறங்கியது. பிறகு, ஆட்டோ ஒரு பக்கம் சாய்ந்து நிமிர, சித்தி றலியா என்ற முஹ்ஸினின் தாயார் இறங்கினார். பருத்த உடம்பு, நோகிற முழங்கால், தலையை மூடிய வெள்ளைச் சேலை. ஒரே ஒரு படி ஏறியதற்கே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"வரணும் ஹாஜியாரம்மா, வரணும்!" சேதுராமன் கதிரையைத் துண்டால் தட்டிப் போட்டார். "வடிவு, டீ!"

"டீ வேணாம். சீனி வருத்தம் ஈக்குது. சாம்பிராணி ஒரு கட்டுத் தாங்க." கதிரையில் அமர்ந்து, விளக்குகளையும் வாளியையும் சுற்றிப் பார்த்தார். "எங்கட மகன் செல்றான், நீங்க சரி சரின்டு செல்றீங்களாம், ஆனா போற பாடு இல்லை..." சேதுராமனின் முகம் சுருங்கியதைப் பார்த்துச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "போறதுக்கு நாள் தள்ளுதாம்."

சேதுராமன் வியப்போடு நிமிர்ந்தார்.

"என்ன பாக்கிறீங்க? எங்கட வாப்பா மடவளையில கடை வெச்சவரு. உப்பு முடிஞ்சாலும் வாயால செல்ல மாட்டாரு. நீங்க சரின்டா அதுக்கு அர்த்தம் மாட்டேன்டு எனக்கு வெளங்கும். அவனுக்கு வெளங்கல்ல. பாவம், படிச்ச புள்ள."

உள்ளறையில் வடிவம்மாவின் வளையல் சத்தம் நின்றது.

"மூணாம் மாடி மனசுக்குப் பிடிச்சிச்சா?"

"நல்ல மாடிங்க. காத்து வரும்."

"காத்து வரும். ஆள் வருமா?"

சேதுராமன் சாம்பிராணிக் கட்டைச் சுற்றிய நூலுக்கு மேல் இன்னொரு நூலைச் சுற்றினார். அதற்கு மேல் இன்னொன்று.

"நேத்து அவனைக் கூப்பிட்டு வெச்சிச் சென்னேன். வியாழக்கிழமை ராவைக்கு ஊட்டுல சாம்பிராணிப் புகை போடாம எனக்கு ஏலாது. கடை மூணாம் மாடிக்குப் போனா, மாசத்துக்கொருக்கா நீதான் உம்மாவைத் தூக்கிட்டு ஏறணும் மகன், உம்மாட எடை தெரியுந்தானே, அப்பிடின்டேன். பொடியன் பயந்துட்டான்." அவர் குலுங்கிச் சிரித்தார், கதிரை முனகியது. "கீழ, ரோட்டைப் பாத்த முன்கடை ஒங்களுக்கு. அங்க வரவிருந்த போன் கடைக்காரன் மேல ஏறட்டும், இளந்தாரிதானே. கட்டி முடியும் மட்டும் எதிர்ல எங்கட ஸ்டோர்ட முன்பக்கத்தில வெச்சிக்கோங்க."

இத்தனை மாதம் நாலு சமயத்து நாட்களையும் துணைக்கு அழைத்துக் காத்து நின்ற ஒன்று, கேட்காமலே மடியில் வந்து விழுந்துவிட்டது. நம்புவதற்கே பயமாக இருந்தது.

"தம்பி... ஒத்துக்கிட்டாருங்களா?"

"அவன் என்னத்த ஒத்துக்கிற? கட்டடம் என்ட பேர்ல ஈக்குது. நான் செல்றேன், என்ட வாக்கு. இப்ப நாள் செல்லுங்க."

நாள் என்றதும் நாக்கு பழைய தடத்தில் தானாக ஓடியது. "வெள்ளி ஜும்மாங்க. சனிக்கிழமை பாத்தா கரிநாள். ஞாயிறு மத்தியாசு ஆளுங்க கோயிலுக்கு..."

"கெட்ட நாள் கேக்கல்ல மொதலாளி. நல்ல நாள் எது?"

கடையைக் காலி செய்கிற விஷயத்தில் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. முஹ்ஸின் ஒரு நாளைச் சொல்வார், இவர் தட்டுவார்; அவ்வளவுதான். சேதுராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரிடம் போனார். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் நாளைய தினம் வியாழன், சுபதினம், காலை முழுவதும் அமிர்தயோகம். சிங்களப் பஞ்சாங்கம் நல்ல நேரம் என்றது. பள்ளிவாசல் கலண்டரில் தடையேதும் தெரியவில்லை. யாராவது ஒரு புனிதராவது கைகொடுக்க மாட்டாரா என்று மாதா கோயில் கலண்டரில் விரலை வைத்துத் தேடினார். நாளைய கட்டம் வெறுமையாக இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். நாலு சமயங்களும் ஒன்றாகச் சேர்ந்து அவரைக் கைவிட்டிருந்தன.

நல்ல நாள் எதுவும் இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு அந்தச் சொல் வேண்டும். அப்பா உட்கார்ந்த இடத்தில் நின்ற அவருடைய உதடுகள் இரண்டு தரம் பிரிந்து, இரண்டு தரமும் மூடிக்கொண்டன.

"நாளச் சொல்லுங்களேன்," என்றாள் வடிவம்மா உள்ளே இருந்து, மெதுவாக.

"நாளைக்குங்க," என்றார் சேதுராமன். திருட்டை ஒப்புக்கொள்கிறவன் குரல் அது. "காலைல."

சித்தி றலியா எழுந்தார். சாம்பிராணியை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப நாளைக்குக் காலைல ஸ்டோர் தொறந்து கிடக்கும். சாமிப் படத்தையெல்லாம் நனையாமக் கொண்டு வாங்க. போயிட்டு வாறேன்."

"போய்ட்டு வாங்கம்மா. பாத்து, படி."

அவர் இறங்குவதற்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது மத்தியாஸ். பேச்சைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் வாசலில் நின்றானோ தெரியாது, தலையெல்லாம் சுண்ணாம்பு. ஆட்டோ புறப்பட்டுப் போனதும் கடைக்குள் எட்டிப் பார்த்தான்.

"அப்ப நாளைக்குத்தானா மொதலாளி? நெசமாவா?"

சேதுராமன் மூலையிலிருந்த சாக்குக்குள் கையை விட்டுத் தேங்காய் ஒன்றை எடுத்தார். காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். திருப்பிப் போட்டார். இன்னொன்றை எடுத்துத் தட்டினார், அதையும் போட்டார். சாக்கின் அடிவரை கை போய், முற்றிய ஒன்றோடு வெளியே வந்தது. தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"நாளைக்கு மொத இத ஒட. அப்புறம் சொவத்த ஒட."

"நான் மாதா கோயில் வேதக்காரன், மொதலாளி."

"வேதக்காரன் ஒடச்சாலும் தேங்கா ஒடையும்டா."

தேங்காய்க் குடுமியில் ஒட்டியிருந்த செங்கல் தூசியை ஊதிவிட்டு, நார் பிரிந்த இடத்தைக் கையால் நீவி ஒழுங்கு செய்து, தேங்காயை மத்தியாசின் இரண்டு கைகளிலும் வைத்துவிட்டு, கடைக் கதவைச் சாத்தினார்.