உள்ளே மடங்கிய கொக்கி

திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பி கட்டும் மேஸ்திரி மதி என்னைவிடப் பத்து வயது இளையவர். குள்ளம், முன்பல் ஒன்று இல்லை. தூண் கம்பிகளைச் சுற்றிப் போடும் ஒவ்வொரு வளையத்தின் முனைக் கொக்கியையும் காதைத் திருகுவதுபோல் பிடித்துப் பார்ப்பார்.

ஒருநாள் கான்கிரீட் லாரி வந்து நின்ற பிறகு, நான் மடக்கியிருந்த கொக்கிகளைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டார். உள்ளே போதிய அளவு மடங்காத கொக்கி, பூமி அதிர்ந்தால் விரிந்து தூணைக் கைவிட்டுவிடுமாம். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"மதி அண்ணா! இது எந்தா, ஜப்பானோ? கான்கிரீட் கட்டியாகும்!" என்று மலையாளி லாரி டிரைவர் கத்தினார்.

மேஸ்திரி என்னிடம், "கையக் குடுங்க அண்ணாச்சி" என்றார். விரல்களை நீட்டிக் கொடுத்தேன். இழுத்தார், நழுவியது. "இப்ப விரல மடக்கிப் பிடிங்க." இழுத்தார், கையோடு நானும் போனேன். டிரைவரே சிரித்துவிட்டார்.

எல்லாக் கொக்கிகளையும் திரும்ப மடக்கிக்கொண்டே கேட்டேன்: "நாம கெடக்கது தகர ஷெட்டுல. பூமி குலுங்குனா நமக்கென்ன தம்பி?"

"நம்ம மேல தகரந்தான விழும்? இங்க வாரவங்க மேல வீடுல்லா விழும்!"

இப்போதும் யார் கை கொடுத்தாலும் விரலை மடக்கித்தான் பிடிக்கிறேன். வலிக்கிறது என்கிறார்கள்.