கினுயோ வாங்கிய முதல் வாள்

ஜப்பானின் தெற்கே மியாகோனோஜோ ஊரில் மரவாள் செய்யும் பட்டறை ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் இவாகிரி கினுயோ. அறுத்து வரும் ஓக் கட்டையை இழைப்பதும், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், கடைசியில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதும் அவள் வேலை. உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்த கட்டையை ஒதுக்கிப் போடுவாள். அவள் ஒதுக்கியதை முதலாளி மறுபடி தட்டிப் பார்த்ததே இல்லை.

ஆயிரக்கணக்கான மரவாள்கள் அவள் கை வழியாகப் போயின. இரும்பு வாள் ஒன்றைக்கூட அவள் தொட்டதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் வேலையிலிருந்து நின்றதும் வாள் வெட்டுப் பயிற்சிக்கூடத்தில் போய்ப் பெயர் கொடுத்தாள். பன்றிப் பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டும் அவள் புருஷன் தகாயுகி அன்று சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே சிரித்தான்.

"வீட்டுல முள்ளங்கி வெட்டறப்பவே விரலையும் சேத்து வெட்டுற. இதுல வாளா?"

"முள்ளங்கி வழுக்கும். பாய் வழுக்காது."

"பாய் என்ன பாவம் பண்ணுச்சோ!"

அந்தக் கூடத்தில் ஞாயிறுதோறும் பழைய பாயைச் சுருட்டி, நீரில் ஊறவைத்து, குத்தாக நிறுத்தி ஒரே வீச்சில் வெட்டுவார்கள். கினுயோவுக்கு அது பிடித்துப்போனது. முதல் வருடம் கூடத்துப் பொது வாளை இரவல் வாங்கி வெட்டினாள். வருடம் முடிந்ததும் சொந்த வாள் வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

கூடத்தை நடத்தியவர் ஹிடாகா. தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஓங்கிய குரல்காரர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். கூடத்தில் கினுயோவுக்கு நெருக்கம் என்றால் நாகாதோமோ ரெய்கோதான். ஆறு வருடமாக வருகிறவள், பூ வியாபாரி. பாயைச் சுருட்டிக் கட்டச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். வெட்டிய பாய்த்துண்டுகளைக் கூட்டி அள்ளும்போதெல்லாம் கினுயோவின் பக்கத்திலேயே குனிந்திருப்பாள்.

முதல் வாளைத் தேட கினுயோ தனியாகத்தான் போனாள். ககோஷிமா நகரில் ஒரு கடை. குட்டையான ஆளுக்கு வாளும் குட்டையாக இருக்க வேண்டும் என்று படித்திருந்தாள். அவளோ ஐந்தடிக்கும் குறைவு. கடைக்காரர் எடுத்து வைத்த மூன்றில் ஒன்று, இளம் கொல்லர் ஒருவர் அண்மையில் அடித்தது. பூவேலை கிடையாது, கறுப்பு உறை, சாதாரணக் கைப்பிடி. தூக்கியதும் அது அவள் கையில் உட்கார்ந்துகொண்டது. வீட்டுப் பூனை மடியில் உட்காருமே, அப்படி. உருவி உறையில் போட்டாள். மறுபடி உருவினாள்.

"அவசரம் வேண்டாம், யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு மாசம் எடுத்து வைக்கிறேன்," என்றார் கடைக்காரர்.

அடுத்த ஞாயிறு தேநீர் நேரத்தில் இதை ரெய்கோவிடம் சொன்னாள். ரெய்கோவின் முகம் கொஞ்சம் மாறியது. சொன்ன பேச்சு சுற்றிக்கொண்டு அன்றைக்கே மாஸ்டர் காதுக்குப் போய்விட்டது.

"கினுயோ சான், கடைக்குப் போனீங்களாமே? பொம்பளை ஆளுன்னு பாத்துட்டு விளையாட்டுச் சாமானை நீட்டியிருப்பான். உங்களுக்குன்னு நான் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பழைய வீட்டுச் சரக்கு. இந்த மாதிரி இனிமே கிடைக்காது."

கொண்டு வந்து காட்டினார். நீளமான வாள். உறையில் பொன்தூள் தூவியிருந்தது, கைப்பிடியில் வெள்ளிக் கொக்கு. கினுயோ தூக்கினாள். முனை கீழே இழுத்தது. கைப்பிடியை வழக்கம்போல விரல் முட்டியால் தட்டினாள். சத்தம் எங்கோ அடைத்துக்கொண்டது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "மரமாட்டம் தட்டறாங்க பாரு!"

அவளும் சிரித்தாள். மரம் வேறு, இரும்பு வேறு, எனக்கு என்ன தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எத்தனையோ நாள் அவள் மனத்தை அறுத்தது மாஸ்டர் சொன்னதைவிட இந்தச் சிரிப்புதான். தன் கை சொன்னதைத் தானே கேலி செய்த சிரிப்பு.

துணி மாற்றும் அறையில் ரெய்கோவைக் கேட்டாள். "எனக்கு நீளம்னு தோணுது. நீ என்ன சொல்ற?"

ரெய்கோ இடைக்கச்சையை மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "மாஸ்டரே எடுத்துக் குடுக்கறப்ப வேண்டாம்னா நல்லாவா இருக்கும்? எல்லாம் பழகினா சரியாயிடும்."

"அது யார் வீட்டுதாம்?"

"யார் கண்டா? ஏதோ பழைய குடும்பமாம்."

கினுயோ வாங்கிவிட்டாள். ககோஷிமாக் கடைக்காரருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினாள்.

எட்டு மாதம் அந்த வாளோடு மல்லுக்கட்டினாள். பொது வாளில் சுத்தமாக விழுந்த பாய் இதில் பாதியோடு நின்றது. சில நேரம் வாள் பாயிலேயே மாட்டிக்கொள்ளும், பிடுங்கி எடுக்க வேண்டும். "பாய்க்கும் உங்களுக்கும் ஏதோ உறவு போல, விடமாட்டேங்குது," என்றான் ஒருவன். இடது மணிக்கட்டு வீங்கியது. குற்றம் தன்னிடம்தான் என்று நம்பிக் காலையில் வாசலில் நின்று வெறும் காற்றை இருநூறு தடவை வெட்டுவாள். பக்கத்து எரிமலையின் சாம்பல் விழுகிற நாளில் வாளை உலர்ந்த துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு விளக்குமாற்றை வைத்து வீசுவாள். தகாயுகி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாங்கி வந்து வைத்தான்.

பிறகு கைப்பிடி ஆட ஆரம்பித்தது. பக்கத்து ஊரில் கைப்பிடி கட்டும் குரோகியிடம் எடுத்துப் போனாள். ஒல்லியான மனிதர், வாய் மட்டும் நீளம். பையை அவிழ்த்து வெள்ளிக் கொக்கைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"அடேயப்பா, இது இன்னும் ஊரைச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கா?"

"உங்களுக்குத் தெரியுமா இந்த வாளை?"

"தெரியுமாவா? எங்கிட்ட வர்ற நாலாவது ஆள் நீங்க."

மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, கைப்பிடியைக் கழற்றி, வாளின் அடியில் இருந்த செம்புக் காப்பையும் உருவினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். காப்பு மூடியிருந்த இடத்தில் வெட்டுவாயிலிருந்து முதுகை நோக்கி முடி மாதிரி ஒரு கோடு.

"விரிசல். வெட்டிக்கிட்டே இருந்தீங்கன்னா ஒரு நாள் இந்த இடத்துல ஒடியும். பலகை மேலயா விழும், இல்ல எதிர்ல நிக்கறவன் கழுத்துக்கா போகும்னு எனக்குத் தெரியாது. சுவத்துல மாட்டி அழகு பாருங்க, வெட்டாதீங்கன்னு போன தடவை வந்தவங்களுக்கு எழுதியே குடுத்தேன்."

"யார் அவங்க?"

"பூக்கடைக்காரம்மா. நாகாதோமோ. வந்தப்ப ஒரு கொத்து சாமந்தி குடுத்துட்டுப் போனாங்க."

கினுயோ அந்தக் கோட்டின் மேல் குனிந்தாள். விரலை வைத்தாள். விரலுக்கு அது தட்டுப்படவே இல்லை. "அப்படியே கட்டிக் குடுங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரெய்கோவைக் கூடத்தின் பின்பக்கம், பாய் ஊறுகிற தொட்டியருகே அழைத்துப் போனாள்.

"குரோகியைப் பாத்தேன்."

ரெய்கோவுக்கு உடனே புரிந்துவிட்டது. தொட்டியில் மிதந்த பாயை ஒரு கையால் அமுக்கினாள். அது மறுபடி மேலே வந்தது.

"எனக்கு மட்டும் யாராவது சொன்னாங்களா?" என்றாள். "நானும் மாஸ்டர்கிட்டதான் வாங்கினேன். ரெண்டு வருஷம் வீசினேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஆகியிருந்தா?"

"ஆகலையே, கினுயோ சான்."

"மாஸ்டர்கிட்ட திருப்பிக் குடுத்து என் தலையில கட்டினதுக்குக் குப்பையில போட்டிருக்கலாம்ல?"

"அதை வாங்க நான் என்ன பாடு பட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க போட்டுருவீங்களா?"

கினுயோ நேரே மாஸ்டரிடம் போய்க் குரோகி சொன்னதைச் சொன்னாள்.

மாஸ்டர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். பார்லி டீ ஊற்றிக் கொடுத்தார். "குரோகி ஒரு பயந்தாங்கொள்ளி. சரி, மனசுக்குச் சங்கடமா இருந்தா விடுங்க, கை மாத்திரலாம். புதுசா சேந்த மியோங்கற பொண்ணு வாள் கேட்டுக்கிட்டே இருக்கு. ஏறக்குறைய உங்க உயரம்தான். நீங்களே காட்டுங்க. பொம்பளைக்குப் பொம்பளை சொன்னா சீக்கிரம் நம்பும்."

கினுயோ மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் யோசித்தாள். ககோஷிமாக் கடையில் அந்தக் குட்டை வாள் இன்னும் இருக்குமோ என்று நினைத்தாள். இது போனால் அதை வாங்கலாம். சனிக்கிழமை வாளுக்கு எண்ணெய் தடவினாள். வெள்ளிக் கொக்கைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினாள். செய்யும்போதே தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

மியோ மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், முப்பத்து நான்கு வயது. சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கேக் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு கினுயோவின் வீட்டுக்கு வந்தாள். மண்டியிட்டு வாளை இரண்டு கையாலும் வாங்கி, தலைக்கு மேல் உயர்த்தி வணங்கி, உருவிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு. கொஞ்சம் கனமோ? எனக்கு எதுவும் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

"பழகினா சரியாயிடும்," என்றாள் கினுயோ.

சொன்ன வாய் மூடவில்லை. ரெய்கோ தலை நிமிராமல் இடைக்கச்சையை மடித்தது கண்ணுக்குள் வந்தது. மியோ முகம் மலர்ந்து வாளை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்," என்றாள் கினுயோ. "கீழ வை. உள்ள விரிசல் விட்டிருக்கு."

மூங்கில் ஆணியைத் தட்டிக் கழற்றி, காப்பை உருவி, கோட்டைக் காட்டினாள். தன்னையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள், யார் யார் கை வழியாக அது வந்தது என்பது வரை. மியோ வெளிறிப்போனாள். நன்றி என்று மூன்று தடவை குனிந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நாலாவது தடவையும் குனிந்தாள்.

அடுத்த ஞாயிறு மியோ செய்தது வேறு. மாஸ்டருக்கு இன்னொரு கேக் பெட்டி வாங்கிக்கொண்டு வந்து, தன்னால் தொந்தரவு ஆகிவிட்டது என்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். மாஸ்டர் பெருந்தன்மையாகச் சிரித்தார். கினுயோவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பயிற்சி நேரம் மாறியதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு தடவை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இலையுதிர்கால வெட்டுப் போட்டிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. "மணிக்கட்டு வலின்னு சொன்னாங்களே, அதான்," என்றார் மாஸ்டர், அக்கறையோடு. மாதம் திரும்புவதற்குள் மியோவும் அவரிடமே ஒரு வாள் வாங்கிவிட்டாள். அதன் காப்பைக் கழற்றிப் பார்த்தாளா என்று கேட்கக் கினுயோவுக்கு அவள் முகம் கிடைக்கவே இல்லை. கண் சந்தித்தால் மியோ குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

கினுயோ போவதை நிறுத்தினாள். ககோஷிமாக் கடைக்குப் போன் செய்தாள். அந்தக் குட்டை வாள் வசந்தத்திலேயே போய்விட்டது என்றார் கடைக்காரர். வாங்கியவர் சின்ன உருவமான ஒரு பள்ளி ஆசிரியையாம், ரொம்ப சந்தோஷமாம்.

வேண்டாத வாளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம், அழித்துவிடுவார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். தகாயுகி லாரியிலேயே அழைத்துப் போனான். வழியெல்லாம் தீவன வாடை.

"உன்னை யார் வாயைத் திறக்கச் சொன்னா? வித்துத் தொலைச்சிருக்கலாம்ல?" என்றான்.

"வித்திருக்கலாம்."

"அந்தப் பொண்ணுதான் வேற வாங்கிருச்சே. யாருக்கு என்ன லாபம்?"

கினுயோ மடியில் கிடந்த வாள் பையின் முடிச்சை இறுக்கினாள்.

காவலர் சின்ன வயது. பதிவுச் சீட்டையும் வாளையும் சரிபார்த்தார். வெள்ளிக் கொக்கை ரசித்தார். "வீட்டுல யாராவது காலமாயிட்டாங்களா? பொதுவா அப்பாவோடது, தாத்தாவோடதுன்னுதான் கொண்டு வருவாங்க."

"இல்ல. என்னோடதுதான்."

"நல்லா வச்சிருக்கீங்களே. ஏன்?"

காரணம் எழுதும் கட்டத்தில் கினுயோ பேனாவை வைத்தாள். மாஸ்டர் ஹிடாகாவின் பெயரை எழுதலாமா என்று நினைத்தாள். ரெய்கோவின் பெயரும் வந்தது. அப்புறம் அந்தச் சனிக்கிழமை எண்ணெய்த் துணியும் நினைவுக்கு வந்தது. 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது தகாயுகி லாரிக் கதவில் சாய்ந்து நின்றிருந்தான். இருவரும் எதிர்க்கடையில் உடோன் நூடுல்ஸ் சூப் சாப்பிட்டார்கள். கிண்ணத்தைத் தூக்க இடது கை ஒத்துழைக்கவில்லை. அவள் குனிந்து மேசையில் வைத்தபடியே குடித்தாள்.