ஒட்டின விலா

மாட்டை இரண்டாகப் பிளந்ததும் பக்கீர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். வலது கைப் பெருவிரலை விலாவின் உட்புறத்தில் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு எலும்பிடுக்கிலும் மெல்ல ஓட்டுவார். அங்கே கண்ணாடித் தாள்போல ஒரு சவ்வு மினுங்கும். விரல் வழுக்கிக்கொண்டு போனால் ஒரு "ம்". சுவாசப்பை எங்காவது சவ்வோடு ஒட்டிக்கிடந்து விரல் தடக்கினால் முகம் கோணும். "சீ, பீடை!" என்று துப்புவார். அந்த விலாப் பக்கம் முழுவதும் கடைக்குப் பின்னால் தோண்டிய கிடங்குக்குள் போய்விடும்.

முள்ளியவளையில் அவருடைய இறைச்சிக்கடைக்குப் பெயர் வாங்கித் தந்ததே இந்த அருவருப்புத்தான்.

"நானா, அந்த ஒட்டின பக்கத்தை எனக்குச் சும்மா தாங்கோவன், நாய்க்குப் போட" என்பார் பக்கத்துத் தோட்டக்காரர் நல்லதம்பி.

"உன்ட நாய் உனக்கு என்ன பாவம் செஞ்சது?" என்று கேட்டபடி பக்கீர் மண்ணைத் தள்ளுவார்.

இரத்தத்தில் நின்று பழகிய அந்த மனிதர், மனைவி ஜொஹறாவின் நெஞ்சிலிருந்து இறங்கிய தண்ணீரைப் பார்த்ததும் ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

ஜொஹறாவுக்கு மார்பில் புற்றுநோய். வெட்டி எடுத்தபின் கொஞ்சக்காலம் நன்றாக இருந்தவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. படுத்தால் முட்டும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் உறக்கம். வவுனியாவில், ஆஸ்பத்திரியில், நெஞ்சுக்குள் தேங்கிய தண்ணீரை விலாவுக்கிடையால் குழாய் விட்டு எடுத்தார்கள். ஊசிப்போன தேயிலைச் சாயம்போல ஒரு நிறம். மேலே சளி நூல்கள் மிதந்தன. சில கிழமைகளில் நெஞ்சு மறுபடி நிறைந்தது. மறுபடியும் குழாய், மறுபடியும் அந்தப் போத்தல். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கீர் முகத்தை யன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். வீட்டில் அவளுடைய கோப்பையைக் குசினித் தட்டின் மூலையில் தனியாக ஒதுக்கினார். ஜொஹறா அதைக் கண்டாள்.

மூன்றாம் முறை போனபோது டொக்டர் ரஜிதா சொன்னா, "எடுக்க எடுக்க ஊறும் ஐயா. இந்த முறை தண்ணியை எடுத்துப்போட்டு உள்ளுக்கு ஒரு பவுடர் விட்டு, சுவாசப்பையை நெஞ்சுச் சுவரோட ஒட்ட வைப்பம்."

"ஒட்ட வைக்கிறதோ?" பக்கீர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஒட்டின சுவாசப்பையை நான் மாட்டிலயே விக்கிறேல்ல, டொக்டர். அழுகினதுதான் ஒட்டும். எத்தனை மாடு பாத்த கை இது!"

"ஒட்டாத பக்கம் விரலுக்கு எப்படி இருக்கும்?"

"வழுக்கும்."

"அந்த வழுக்கல் சும்மா வரேல்லை. நெஞ்சறைக்கு உள்ளால, பாய் விரிச்ச மாதிரி ஒரே அடுக்கில உயிர்க் கலங்கள் படுத்திருக்கு. அதுகள்தான் அந்த வழுவழுப்பைக் கசிய விடுறது. புற்றுநோய்க் கலம் வந்து விழுந்தா லேசில பிடிச்சு நிக்க ஏலாது. ஆபத்தெண்டா ரத்தத்தில திரியிற காவல்காரரைக் கூப்பிடுறதும் அதுகள்தான். இப்ப அந்தப் பாய் அங்கங்க விலகிப்போச்சு. விலகின இடத்தில புற்று வேர் விட்டிட்டுது. அதாலதான் தண்ணி ஊறுது." டொக்டர் ஒரு கணம் ஜொஹறாவைப் பார்த்தா. "பவுடர் புற்றைக் கொல்லாது. மிச்சமிருக்கிற கலங்களைக் கோபப்படுத்தும். அதுகள் புண்ணாகி, தழும்பு போட்டு, இடைவெளியை மூடும். தண்ணி நிக்க இடம் இராது. நோய் போகாது, ஆனா மூச்சு வரும்."

"சீ! உயிரோட இருக்கிற மனிசிக்கு..." பக்கீருக்கு வாய்க்குள் எச்சில் ஊறியது, துப்ப இடம் தேடினார்.

கட்டிலில் இருந்த ஜொஹறா கையைத் தூக்கினாள். "டொக்டர்... அவர் விலா பாக்கிறவர். நான்... மூச்சு விடுறவ. ஒட்டுங்கோ." பிறகு புருசன் பக்கம் திரும்பினாள். "ஒட்டினா என்னையும் கிடங்குக்க போடுவீங்களோ?"

பக்கீர் எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

பவுடர் விட்ட பிறகு காய்ச்சலும் நோவும் அவளை முறுக்கின. குழாய் கழற்றும்வரை, கழிப்பறைக்குப் போகும்போது போத்தலை யாராவது கூடவே தூக்கிவர வேண்டும். பக்கீர்தான் தூக்கினார். அருவருப்புப் போய்விடவில்லை, இடுப்பில் கட்டிய சாரத்தின் நுனியால் மூக்கைப் பொத்தி, பாம்பைப் பிடித்தவர்போலக் கையை நீட்டிக்கொண்டு நடந்தார்.

"அது கடிக்காது" என்றாள் ஜொஹறா.

"நீ கதைக்காம நட. தண்ணி கலங்குது."

ஊருக்கு வந்த முதல் நாள் பின்னேரம் அவள் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்து உறங்கினாள். பக்கீர் வாசலில் நின்று, ஏறி இறங்கும் அந்த விலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் என்ன ஒட்டிக் கிடக்கிறது என்று நினைக்க இன்னமும் குமட்டியது. குசினிக்குப் போய், மூலையில் இருந்த கோப்பையைக் கழுவி மற்றக் கோப்பைகளோடு கவிழ்த்தார்.

அடுத்த மாரி மழை முடியும்வரை அவள் அப்படி நிமிர்ந்தே உறங்கினாள்.

அவள் மௌத்தாகி, அடக்கமும் முடிந்து கொஞ்சக்காலம் சென்று, கடையைப் பார்வையிட வந்த மிருக வைத்தியர் ஒருவர், கிடங்கில் கிடந்த விலாவைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். ஒட்டுகிறதெல்லாம் அழுகல் இல்லையாம். எப்போதோ வந்த நெஞ்சுக் காய்ச்சலோடு அந்தச் சவ்வு மல்லுக்கட்டி, தழும்பு போட்டு மூடிய இடமாகவும் இருக்குமாம். பக்கீர் இத்தனை காலமும் துப்பித் துப்பி மண்ணுக்குள் தாட்டவற்றில் பல, நோயில் விழுந்து பிழைத்து எழும்பிய மாடுகளுடைய விலாக்கள்.