மீட்டர் ஓடாத வீடு

ஓசூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மொத்தம் நான்கு பேர். தொழிற்சாலைகளுக்குப் போய், எந்த மோட்டார் மின்சாரத்தைத் தின்கிறது, எந்தக் கம்ப்ரசரில் காற்று கசிகிறது என்று அளந்து அறிக்கை எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். மத்தூரிலிருந்து வந்து பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன்.

மின்வெட்டு ஊரையே ஆட்டிவைத்த வருடங்கள் அவை. அப்போது ஒரு தொழிற்சாலை, தெற்கு மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களைக் குடிவைப்பதற்காகப் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை மொத்தமாக வாடகைக்கு எடுத்தது. மூன்று மாடி, இருபத்து நான்கு வீடுகள். கரண்ட் பில்லையும் கம்பெனியே கட்டும் என்று ஏற்பாடு. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ‘மின்சாரம் வீணாகாத வீடு’ என்று சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஆட்கள் ஏற்கெனவே குடிவந்துவிட்டார்கள். சான்றிதழ் வராத வீட்டைக் காலி செய்துவிடுவோம் என்று கட்டடத்தின் உரிமையாளரிடம் சொல்லியிருந்தார்கள்.

அந்த வேலை என்னிடம் வந்தது. வீடுகளில் பகல் நேரத்தில் பெண்கள்தான் இருப்பார்கள், நீ போனால் நல்லது என்றார் எங்கள் சார்.

மூன்றாவது மாடியில் கடைசி வீடு. கதவைத் திறந்த பெண்ணுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி எட்டு மாதம். கணவன் அந்தத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன். முதலில் மேடம் என்றவள், ஹாலைத் தாண்டுவதற்குள் அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். மார்கழி தொடங்கியிருந்தது. கம்பளிச் சட்டைக்கு மேல் ஒரு துண்டையும் சுற்றியிருந்தாள்.

“என்ன குளிருக்கா இது! எங்கூர்ல ஹீட்டர்னா என்னன்னே தெரியாது. இங்க அது இல்லேன்னா குளிக்கவே முடியாது போல.”

வீட்டில் எல்லா சுவிட்சுகளையும் அணைக்கச் சொல்லிவிட்டு, வெளியே வந்து மீட்டரைப் பார்த்தேன். அந்தக் கால மீட்டர். கண்ணாடிக்குள் வட்டமான ஒரு தட்டு சுற்றும். எதுவும் ஓடாதபோது அது அசையாமல் நிற்க வேண்டும். இந்த வீட்டில் அது நகர்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் இருந்த கறுப்புக் கோடு மெல்ல உள்ளே போய், வெகுநேரம் கழித்து மறுபடி வந்தது. எங்கேயோ மின்சாரம் கசிகிறது.

“ஏதாவது ஆன்ல இருக்கா?”

“இல்லக்கா, எல்லாத்தையும் அணைச்சாச்சு.” பிறகு நினைவு வந்தவள் போலச் சொன்னாள். “பாத்ரூம்ல குழாயத் தொட்டா மட்டும் லேசா சுர்ருங்குது. அவுககிட்ட சொன்னேன். பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும்னுட்டாக.”

ஹீட்டரில் கசிவு, சரிசெய்தபின் மறுபரிசோதனை என்று எழுதினேன். உரிமையாளரின் மேஸ்திரியிடம் ஒரு நகலைக் கொடுத்தேன். அவளிடம், ஆள் வந்து பார்க்கும் வரைக்கும் ஹீட்டரைப் போடாதே, அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொள் என்று சொன்னேன். அவளும் தலையாட்டினாள். தம்பி கல்யாணத்துக்குக் கணவனோடு ஊருக்குப் போகப்போவதாகவும், திரும்பிவர இரண்டு வாரம் ஆகும் என்றும் சொன்னாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் முடிவதற்குள் மேஸ்திரி அலுவலகத்துக்குப் போன் செய்தார். எல்லாம் சரிசெய்தாகிவிட்டது, வந்து பார்க்கலாம் என்றார். அன்று சனிக்கிழமை. அரைநாள்தான் வேலை. பட்டியலில் ஐந்து வீடுகள் மிச்சம் இருந்தன. கட்டடத்தின் வாட்ச்மேன் சாவியோடு என் கூடவே வந்தார். பாகலூர்ப் பக்கத்துக்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். மூன்றாவது மாடிக் கடைசி வீட்டின் பூட்டைத் திறந்தபடி சொன்னார்.

“அவங்க இன்னும் ஊர்லேருந்து வரல மேடம். வூடு பூட்டித்தான் கெடக்குது. நாளைக்கு வந்துருவாங்க.”

உள்ளே போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன். தட்டு நின்றிருந்தது. ஐந்து நிமிடம் பார்த்தேன். கறுப்புக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

“என்ன செஞ்சாங்க?” என்று கேட்டேன்.

“மொட்ட மாடியிலேருந்து வர்ற பைப்பெல்லாம் மாத்திட்டாங்க மேடம். பழைய இரும்பு பைப் துரு ஏறிப் போச்சு. இப்ப எல்லாம் பிளாஸ்டிக். நீட்டா கீது பாருங்க.”

குளியலறைச் சுவரில் புதுக் குழாய் வெள்ளையாக இருந்தது. ஹீட்டர் அதே பழைய ஹீட்டர். அதைப் பார்த்தேன். பார்த்ததை இன்றுவரை மறுக்க முடியவில்லை. என் பையில் டெஸ்டர் இருந்தது. ஹீட்டரின் உடம்பில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. ஆனால் நான் பார்க்க வந்தது கசிவை. கசிவு நின்றுவிட்டது. படிவத்தில் அதற்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டரை மணிக்கு மத்தூர் போகும் பஸ்ஸைப் பிடித்தேன்.

அவளும் கணவனும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஊரிலிருந்து வந்தார்கள். வீட்டுக் கதவிடுக்கில் சான்றிதழ் செருகியிருந்தது. திங்கட்கிழமை காலை அவன் முதல் ஷிப்டுக்குப் போனபின் அவள் குளிக்கப் போயிருக்கிறாள். பத்து மணிக்கு மேல் பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள்.

செய்தி எங்கள் அலுவலகத்துக்கு மதியம் வந்தது. யார் என்று நான் கேட்கவில்லை. எந்த வீடு என்றுதான் கேட்டேன்.

மறுநாள் மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்தவர் சாரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தேன். ஹீட்டருக்குள் இருந்த கம்பிச்சுருள் வெடித்து, அதன் உடம்பெல்லாம் கரண்ட் ஏறியிருக்கிறது. வயரிங் செய்தவர்கள் சுவிட்சைத் தப்பான கம்பியில் வைத்துவிட்டதால், அணைத்தாலும் கரண்ட் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. எர்த் கம்பி சுவருக்குள் எப்போதோ அறுந்துவிட்டது.

“இத்தன நாளா இரும்பு பைப் வழியா அது தரைக்கு எறங்கிட்டு இருந்திருக்கு சார். பைப்ப பிளாஸ்டிக்கா மாத்துனதும் போறதுக்கு வழியில்ல. அந்தப் பொண்ணு ஈரக் கையோட ஹீட்டர்ல இருக்குற இரும்புக் குழாயப் புடிச்சிருக்கு.”

தட்டு ஏன் நின்றது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இதைப் புரிந்துகொள்ளத்தான் மூன்று வருடம் படித்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்த கசிவு காரணம் தெரியாமல் நின்றால், ஏன் நின்றது என்று கேட்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

அவர் போனபின் சார் என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. “நாம பாத்தது யூனிட் செலவை. ஷாக் அடிக்குமான்னு பாக்கச் சொல்லி யாரும் நம்மகிட்ட கேக்கல. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லணும். புரியுதா?” என்றார். தலையாட்டினேன்.

அந்த வாரமே யாரிடமும் கேட்காமல் மற்ற இருபத்து மூன்று வீடுகளுக்கும் போய் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு வீடுகளில் ஹீட்டரைத் தொட்டதும் டெஸ்டரின் விளக்கு எரிந்தது. உரிமையாளரிடம் சொன்னேன். பயந்துபோய் அன்றைக்கே இரண்டையும் கழற்றிவிட்டார். இருபத்து மூன்று வீட்டுக்கும் சேர்த்து எனக்கு ஒரு காலைப்பொழுதுதான் ஆயிற்று. அதை நினைத்தால் ஆறுதல் வர வேண்டும். வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவள் கணவன் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தான். மொட்டை போட்டிருந்தான். நஷ்டஈட்டுக்காகக் கம்பெனியில் சான்றிதழின் இன்னொரு நகல் கேட்டார்களாம். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“நீங்கதான் வந்து பாத்தீங்களா மேடம்?”

“ஆமா.”

“அவ சொன்னா. ஒரு அக்கா வந்தாங்க, நல்லாப் பேசுனாங்கன்னு.” தாளைத் திருப்பிப் பார்த்தான். “ஊர்லேருந்து வந்ததும் கேட்டா, ஹீட்டர் போடலாமான்னு. இந்தத் தாளப் பாத்துட்டு, அதான் அந்த அக்கா வந்து பாத்துட்டாகள்ல, போட்டுக்கோன்னு நான்தான் சொன்னேன். அப்ப எல்லாம் சரியாத்தான மேடம் இருந்துச்சு?”

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. சார் நாற்காலியில் அசையாமல் இருந்தார்.

“நாங்க பாத்தது யூனிட் செலவை மட்டும்தான்” என்றேன்.

“ஓ” என்றான். “அது வேற, இது வேறயா?”

“ஆமா.”

அவன் அதை நம்பினான். தனக்குத் தெரியாத விஷயம், படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போலத் தலையை ஆட்டினான். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பி, வர்றேன் மேடம் என்றான்.

அன்று அவன் பின்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று ஒரே ஒரு வார்த்தை. அவன் ஆயுள் முழுக்கச் சுமக்கப்போவதை அந்த வார்த்தை பாதியாகக் குறைத்திருக்கும். நான் மேஜையைப் பிடித்தபடி நின்றேன். இரண்டு நாள் கழித்து மனம் கேட்காமல் அந்த வீட்டுக்குப் போனேன். காலி செய்துவிட்டு ஊருக்கே போய்விட்டான் என்றார் வாட்ச்மேன். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையில் கேட்டால் விலாசம் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அந்த அலுவலகத்தில் அதற்குப் பிறகும் நான்கு வருடம் வேலை பார்த்தேன்.